வாசல்ல தீ, ஷெட்டுல புழு

சாமி,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நானு, உங்கப்பா, ரெண்டு மாடு, ஷெட்டுல இருக்கற அத்தனை பட்டுப்புழு, எல்லாரும்தான். புழு மூணாவது தடவ தோல் உரிச்சு முடிச்சு இப்பதான் கண்ணு முழிச்சிருக்குது. முழிச்ச பசியில போட்ட எலையெல்லாம் போன எடம் தெரியல. அதுங்களுக்கு மத்தியானத் தீனி போட்டுட்டு, கை கால் கழுவிட்டு, உனக்கு எழுதலாம்னு உக்காந்திருக்கேன். அம்மா கடுதாசி எழுதறாளேன்னு பயந்துடாத. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்குக் கோவம்தான் வந்திருக்குது, வேற ஒண்ணுமில்ல.

நீ வாட்ஸ்அப்புல கேட்டிருந்த. "அம்மா, வாசல்ல கட்டப் போற ஃபயர் பிட்டுக்கு கேஸா, வெறகா, கரியா? ஒரே வார்த்தைல சொல்லு, மேஸ்திரிகிட்ட சொல்லணும்." ஒரே வார்த்தையாம்! உன்னப் பெத்த நாள்லேருந்து நமக்குள்ள ஒரே வார்த்தைல முடிஞ்ச பேச்சு ஒண்ணு இருந்திருக்குதாடா? அதோட விட்டியா? வால்ல இன்னொண்ணும் ஒட்டி அனுப்பியிருக்க. "எப்படியும் தைக்கு முன்னாடி புழு ஷெட்டை எடுத்துடலாம்மா. நீ கஷ்டப்பட்டது போதும். ஷெட்டு போயிட்டா புகைப் பிரச்சனையும் இல்ல, என்ன வேணா எரிச்சுக்கலாம்." கேள்வி வெறகப் பத்தி, ஆனா வெட்டறது என் கால. இதைப் போன்ல பேசினா நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா"ன்னுட்டு வச்சிடுவ. கடுதாசின்னா நீ குறுக்க பேச முடியாது. அதுக்குத்தான் எழுதறேன். பொறுமையா உக்காந்து படி. எம் மருமவ சுமாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி, இதுல அவளுக்கும் பங்கு இருக்குது.

இந்தத் தீ ஆசை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் முடிஞ்ச கையோட நீங்க ரெண்டு பேரும் ஏற்காடு போனீங்கல்ல, அங்க தங்கின எடத்துல வெளிய வட்டமா கல்லு கட்டி தீ மூட்டி, சுத்தி நாற்காலி போட்டிருந்தாங்களாம். அங்க உக்காந்து பேசிப் பேசித்தான் பெங்களூரு வாடகை வூட்டக் காலி பண்ணிட்டு ஊருக்கே வந்துடலாம், வேலையை இங்கருந்தே பாத்துக்கலாம்னு முடிவு பண்ணீங்களாம். சுமாதான் எங்கிட்ட சொன்னா. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு அந்தத் தீ மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு. உன்ன ஊருக்கு வா வான்னு நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்டை வத்திப் போச்சு. யாரோ மூட்டின ரெண்டு கட்டை வெறகு ஒரே சாயங்காலத்துல காரியத்தை முடிச்சிடுச்சு பாரு. அதனால நம்ம வாசல்ல அப்படி ஒண்ணு வரட்டும்னு உன்னைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். இதை மொதல்ல புரிஞ்சுக்க. நான் தீ வேணாங்கல.

உங்கப்பாவைக் கேக்கவே வேணாம். ஏற்காட்டுலேருந்து வந்து மகன் தீ வேணும்னு கேட்டப்பவே ஆராய்ச்சியில எறங்கிட்டாரு. ஷெட்டுக்குத் தள்ளி கொல்லைல பழைய செங்கல்ல வட்டமா அடுக்கிக்கிட்டு, வேலை முடிஞ்ச சாயங்காலமெல்லாம் அது முன்னாடி குத்த வச்சு உக்காந்துக்கிட்டாரு. பக்கத்துத் தோட்டத்து சரோஜா வேலி வழியா எட்டிப் பாத்துட்டு, "என்ன அக்கா, மாரியம்மனுக்கு வேண்டுதலா? மாமா தீ மிதிக்கப் போறாரா?"ன்னு கேட்டா. "இல்ல சரோஜா, மருமவ குளிர் காயறதுக்கு"ன்னேன். "அதுக்குக் குண்டம் எதுக்கு அக்கா? ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுங்க"ன்னுட்டுப் போயிட்டா. உங்கப்பா மொகத்தைப் பாக்கணுமே! ரெண்டு நாள் சரோஜா பேரை எடுத்தாலே உர்ருனு உக்காந்திருந்தாரு.

மொதல்ல புளியங்கட்டை வாங்கியாந்தாரு. அதைப் பொளக்கறதுக்குள்ள கோடாலிக்கும் அவரு தோள்பட்டைக்கும் பெரிய சண்டை. எரிய ஆரம்பிச்சதும் அனல் தாங்க முடியல. நாற்காலியைப் பின்னாடி இழுத்து இழுத்து கடைசில நான் மாட்டுக் கொட்டாய்க்கே போயிட்டேன். கல்யாண மண்டபத்துல அண்டா வைக்கிற அடுப்புக்கு அது சரி, நாலு பேரு உக்காந்து பேசறதுக்கு ஆகாது. அடுத்தது தென்னமட்டை. பத்த வச்சதும் ஆள் உசரத்துக்கு எழுந்துச்சு, நான் முந்தானையை எடுத்துச் சொருகறதுக்குள்ள அடங்கிடுச்சு. தேங்காத் தொட்டி பரவால்ல, தணல் நல்லா நிக்குது, ஆனா வெறும் தணலைப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காருவ? கரியும் அப்படித்தான், கோழி சுட ஒசத்தி, குளிர் காய சுமாரு. சீமக்கருவேலங்கட்டை ஒண்ணு மட்டும் உருப்படி. மெதுவா எரியும், தணலும் நிக்கும். அந்த முள்ளு உங்கப்பா உள்ளங்கையில ஏறினதை ஊக்கு வச்சு எடுத்தவ நான்தான், அதனால அதுக்கும் முழு மார்க்கு போட மனசு வரல.

கேஸையும் விடல. புகை இல்லாத வழின்னு அதைச் சொன்னதே நான்தான். மாரண்டஹள்ளில பிரியாணி போடற பாய்கிட்ட பெரிய பர்னர் ஒண்ணை எரவல் கேட்டு வாங்கியாந்தோம். அவரு ரொம்ப நல்லவரு, "விசேஷமாங்க, எத்தனை பேருக்குங்க?"ன்னாரு. "விசேஷமெல்லாம் இல்லீங்க, சும்மா சுத்தி உக்கார"ன்னு உங்கப்பா சொன்னதும், பாய் கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்பறம் ஒண்ணும் கேக்காம எடுத்துக் குடுத்துட்டாரு. சிலிண்டரை வெளிய இழுத்து வச்சு பத்த வச்சோம். புஸ்ஸுனு நீலமா எரிஞ்சுது. உக்காந்தோம். அஞ்சு நிமிஷம் போச்சு. அப்பறம் உங்கப்பா எழுந்து போய் சிலிண்டரை லேசா ஆட்டிப் பாத்துட்டு வந்து உக்காந்தாரு. மறுபடியும் எழுந்து ஆட்டினாரு. "எதுக்குங்க ஆட்டறீங்க?"ன்னேன். "தீந்துடுமோன்னு பாக்கறேன்"னாரு. மூணாவது தடவை ஆட்டிட்டு அணைச்சே போட்டுட்டாரு. அடுப்படிக்குள்ள இருக்கற வரைக்கும் கேஸ் நமக்குப் பழக்கம். வெளிய வந்து சும்மா எரியறதைப் பாத்தா வயிறு எரியுது. நீங்க வேணா பழகிக்குவீங்க, எங்களால ஆகாது.

இப்ப நான் உங்கிட்ட மறைச்ச விஷயத்துக்கு வரேன். ஆயுதபூஜை லீவுக்கு நீங்க வந்திருந்தீங்கல்ல, அன்னிக்கு சாயங்காலம் தீ மூட்டி கோழி சுடலாம்னு நீ மாரண்டஹள்ளிக்குக் கோழி வாங்கப் போன. நீ திரும்பி வந்தப்ப தீ அணைஞ்சு கெடந்துச்சு, செங்கல் எல்லாம் ஈரம், சுமா பொடவையும் ஈரம். "மழை தூறிச்சு"ன்னு நாங்க மூணு பேரும் ஒரே குரல்ல சொன்னோம். நீயும் நம்பிட்டு கோழியை அடுப்படிக்கு எடுத்துட்டுப் போயிட்ட. தூறல் எங்கடா வந்துச்சு? வானத்துல ஒரு மேகம் கெடையாது. நீ வண்டி ஓட்டிக்கிட்டு வந்த ரோடு காஞ்சு கெடந்துச்சே, அதைக்கூட பாக்கலியா? இவ்வளவு படிச்ச புள்ளைய இவ்வளவு சுலபமா ஏமாத்தலாம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

நடந்தது இதுதான். நீ காட்டின எடம் போர்வெல் பக்கத்துல, ஷெட்டை ஒட்டி. அங்கதான் உங்கப்பா செங்கல்லை அடுக்கினாரு. வெறகு தைலமரம், அதுவும் அரைகுறையா காஞ்சது. சரோஜா வூட்டுக்காரர் சும்மா குடுத்தாருன்னு வாங்கி வச்சிருந்தாரு. சும்மா வந்துச்சுன்னா உங்கப்பா பாம்பைக்கூட கையில வாங்கிக்குவாரு. ஷெட்டுல புழு கடைசிப் பருவம், இன்னும் அஞ்சாறு நாள்ல கூடு கட்டணும். புழுவுக்குப் புகை ஆகாதுன்னு உனக்குத் தெரியும், ஆனா மறந்துட்ட மாதிரி தெரியுது. பீடி ஆகாது, ஊதுபத்தி ஆகாது, கொசுவத்தி ஆகவே ஆகாது, நீ அடிச்சுக்கிட்டு வர சென்ட்டுகூட ஆகாது. காத்து அப்ப ஷெட்டிலேருந்து எங்க பக்கம்தான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அந்த தைரியத்துலதான் பத்த வச்சோம். பத்த வச்ச கொஞ்ச நேரத்துல காத்து திரும்பிடுச்சு. பச்சை தைலமரத்துப் புகை, எண்ணெ வாசனையோட, அப்படியே கொத்தா ஷெட்டு ஜன்னலைப் பாத்துப் போச்சு.

உங்கப்பா கட்டையை இழுத்துப் போடப் போனாரு, இழுக்க இழுக்கப் புகை இன்னும் ஜாஸ்தியாச்சு. அப்பதான் சுமா, "மாமா, பேடா! பேடா!"ன்னு கத்தினா. பதட்டத்துல அவளுக்குத் தமிழ் மறந்து போச்சு, வேணாம் வேணாம்னு கன்னடத்துல கத்தறா. மாட்டுக்கு வச்சிருந்த தண்ணி பக்கெட்டைத் தூக்கி, தீ மேல ஒரே ஊத்தா ஊத்தினா. அப்பறம் இன்னொண்ணு. அவ ஆசைப்பட்டுக் கேட்ட தீ, அன்னிக்குத்தான் மொத மொதல்ல நம்ம வாசல்ல எரியுது, அதை அவளே அணைச்சுட்டு ஷெட்டுக்கு ஓடினா.

நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்தது. ஷெட்டு வாசல்ல மருந்துத் தண்ணி தட்டு இருக்குதுல்ல, கால் நனைச்சுட்டுத்தான் உள்ள போகணும். உங்கப்பா, இத்தனை வருஷம் புழு வளத்த மனுஷன், பதறிக்கிட்டு செருப்போட உள்ள ஏறிட்டாரு. சுமா அந்தப் பதட்டத்துலயும் தட்டுக்கிட்ட நின்னா. செருப்பைக் கழட்டினா, ரெண்டு காலையும் நனைச்சா, கையைக் கழுவினா, அப்பறம்தான் உள்ள போனா. போனவ உங்கப்பாவைப் பாத்து, "மாமா, செருப்பு!"ன்னு அதட்டினா பாரு, மனுஷன் பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் வெளிய ஓடி வந்துட்டாரு. அவளுக்கு இதையெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததே இல்லடா. முன்னாடி ஒரு தடவை வந்தப்ப நான் செய்யறதைப் பாத்திருக்கா, அவ்வளவுதான். ரெண்டு பேருமா சேந்து எதிர்ப் பக்கத்து ஜன்னல் தெரையையெல்லாம் தூக்கிக் கட்டினோம், ஃபேனைத் திருப்பி வச்சுப் புகையை வெளிய தள்ளினோம். புழுவெல்லாம் எலையைக் கடிக்காம தலையைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அப்படி நின்னா அதுங்களுக்கு ஏதோ ஒத்துக்கலன்னு அர்த்தம். சுமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கொஞ்ச நேரங்கழிச்சு ஒரு ஓரத்துல ரெண்டு புழு தலையை எறக்குச்சு, அப்பறம் பக்கத்துல, அப்பறம் புழுத் தட்டு முழுக்க. எல கடிக்கிற சத்தம் மறுபடி கேட்டதும் நான் அழுதுட்டேன். அவ சிரிச்சா, அப்பறம் அவளும் அழுதா.

உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அப்பதான் அவ சொன்னா: "அத்தை, அவருகிட்ட சொல்லாதீங்க. ஏற்கனவே ஷெட்டை எடுத்துடலாம்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. இதைக் கேட்டா ஒரே பிடியா பிடிச்சுக்குவாரு." அதனாலதான்டா தூறல். உம் பொண்டாட்டிக்கு உன்னை நல்லாத் தெரிஞ்சிருக்குது, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். இப்ப நீ மெசேஜ்ல அதே பேச்சை எழுதிட்ட, அதுக்கப்பறம் மறைச்சு என்ன ஆவப் போவுதுன்னு நானே சொல்லிட்டேன். அவளைத் திட்டாத. நீ திட்டினது தெரிஞ்சா நான் பஸ் ஏறி வந்துடுவேன்.

நீ நல்ல மனசோடதான் சொல்ற, அது எனக்குப் புரியாம இல்ல. எனக்கு முட்டி வலிக்குது, குனிஞ்சா எழுந்திருக்க முடியல, எல்லாம் நெசம். ஆனா எனக்கு ஓய்வு வேணும்னு நீ எப்ப என்னைக் கேட்ட? நீயா முடிவு பண்ணி, ஷெட்டை இடிக்க நாளும் குறிச்சுட்ட. இந்த வூட்டுல எல்லாத்துக்கும் எல்லாரும் யோசனை சொல்லுவாங்க. கொழம்புக்கு உப்பு, மாட்டுக்குத் தீனி, டிவில எந்த சேனல், எதுலயும் எம் பேச்சு பாதிதான் செல்லும். அந்த ஷெட்டுக்குள்ள மட்டும் நான் சொன்னா சொன்னதுதான். மார்க்கெட்ல கூடு கொட்டறப்ப ஏலம் எடுக்கறவங்க கையில அள்ளிப் பாத்துட்டு, "யாரு வளத்ததுங்க இது?"ன்னு கேப்பாங்க. உங்கப்பா என்னைக் கை காட்டுவாரு. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னும் பத்து வருஷம் எல வெட்டுவேன்டா. அதை எடுத்துட்டு என்னை நாற்காலில உக்கார வச்சு, தீயைப் பாத்துக்கிட்டு இரும்மான்னா, நான் எதைப் பேசிக்கிட்டு உக்காருவேன்? சுமா விஷயத்துலயும் இப்படிப் பண்ணிடாத. அவளுக்கு நல்லதுன்னு உனக்குத் தோணினா, மொதல்ல அவளைக் கேளு. கேட்டுட்டு அவ சொல்றதைக் காதுல வாங்கு.

வெறகு பிரச்சனைக்கும் அவதான் வழி சொன்னா. ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, "அத்தை, புழு எப்பவுமே ஷெட்டுல இருக்குமா?"ன்னு கேட்டா. இல்லம்மா, ஒரு மாசம் போல இருக்கும், கூடு எடுத்துட்டா ஷெட்டைக் கழுவி மருந்தடிச்சுக் காயப் போடுவோம், அடுத்த புழு வர வரைக்கும் காலியாத்தான் கெடக்கும்னேன். "அப்ப காலியா இருக்கறப்ப தீ மூட்டலாமே"ன்னா. நானும் உங்கப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். நாலு மாசமா ஊர்ல இருக்கற மரத்தையெல்லாம் கொளுத்திப் பாத்தோமே, ஒருத்தருக்கும் இது தோணலியே! வெறகும் காலடியிலதான் கெடந்துச்சு. கெளையோட வெட்டிப் போடற மல்பெரியில எலையைப் புழு தின்னுட்டு, குச்சியை அப்படியே விட்டுடும். அதைக் கட்டுக் கட்டா ஷெட்டுக்குப் பின்னாடி அடுக்கி வெந்நீர் போட எரிச்சுக்கிட்டு இருந்தோம். போன தடவை கூடு எடுத்த மறுநாள் அதை வாசல்ல போட்டு எரிச்சுப் பாத்தோம். நல்லாக் காஞ்ச குச்சி, டக்குனு பிடிக்குது, புகை கொஞ்சந்தான், பொறி தெறிக்கல. சீக்கிரம் எரிஞ்சுடும்ங்கறது ஒண்ணுதான் குறை. அதுக்கு அடியில ரெண்டு சீமக்கருவேலங்கட்டை, ஒரு கை தேங்காத் தொட்டி போட்டா தணல் நின்னுடுது. உங்கப்பா எழுந்து எதையும் ஆட்டிப் பாக்கல. அன்னிக்கு நாங்க ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சரோஜாவும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா.

அதனால என் பதிலு இது. கேஸ் வேணாம், மல்பெரிக் குச்சிதான். குச்சியைத் தரையில போடாம கல்லு மேல அடுக்கி, மேல மட்டும் தகரம் போட்டு, பக்கமெல்லாம் காத்து போக விடணும். பெயிண்டு அடிச்ச பலகை, பிளைவுட்டு, பிளாஸ்டிக் ஒண்ணும் தீயில விழக் கூடாது. வேலில இருக்கற அரளியை மறந்தும் ஒடிச்சுப் போட்டுடாத, அது புகையே விஷம். ஷெட்டுல புழு இருக்கற நாள்ல ஒரு குச்சிகூட எரியாது, அதுல பேச்சே இல்ல. அந்த நாள்ல குளிர் தாங்கலன்னா ஷெட்டுக்கே வாங்க. பனிக்காலத்துல புழுவுக்கு ஹீட்டர் வச்சிருப்போம், வூட்டைவிட அங்கதான் கதகதப்பு. காலை நனைச்சுட்டு உள்ள வந்து ஆளுக்கு ஒரு கட்டு எல போட்டா வேர்த்தே போயிடும்.

ஷெட்டு நிக்கும். இப்ப இருக்கற புழு தை மொத வாரத்துல கூடா எறங்கிடும். நீங்க சாமான் ஏத்திக்கிட்டு வரப்ப ஷெட்டு காலியா கழுவிக் கெடக்கும், வந்த அன்னிக்கே தீ மூட்டலாம். அடுத்த புழுவுக்கும் ஆர்டர் சொல்லிட்டேன். எம் பேருக்கு மட்டும் இல்ல, என் பேரோட சுமா பேரையும் சேத்துச் சொன்னேன். அவ கேட்டுத்தான் சொன்னேன், நீ பயப்படாத.

மேஸ்திரிகிட்டயும் நானே பேசி முடிச்சாச்சு. போர்வெல் பக்கத்துல வேணாம், வூட்டை ஒட்டி இந்தப் பக்கம் கட்டுங்கன்னேன். புகை ஷெட்டுப் பக்கம் போகாது. "அப்ப எங்கங்க போகும்?"னு காத்தைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. மேல கையைக் காட்டினேன். மாடியில நீ உக்காந்து வேலை பாக்கறதுக்குன்னு ஒதுக்கியிருக்கற ரூமு, அந்த ஜன்னலுக்கு நேரா. "தம்பி கோவிச்சுக்க மாட்டாரா?"ன்னாரு. கோவிச்சுக்கட்டும்னுட்டேன். கண்ணு எரிஞ்சா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை மூடி வச்சுட்டு கீழ எறங்கி வந்து எங்ககூட உக்காரு.

அம்மா